பின்னறைச் சாவி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

பெரியப்பா போன் செய்தார். தன் சின்ன மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பட்டாளப் பதவியைப் போட வேண்டுமாம். "நம்ம பரம்பரைக்கே பெருமைம்மா, அவன் சண்டையில என்ன மெடல் வாங்கினான்னு விசாரிச்சுச் சொல்லு" என்கிறார். மூத்தவள் கல்யாணத்தில், வெடிச் சத்தத்துக்கு அப்பா நடுங்கினால் சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகும் என்று அவரைப் பின்னறையில் வைத்துப் பூட்டியதும் இதே மகராசன்தான். உயிரோடு இருந்தவரை பைத்தியம், படத்துக்கு மாலை விழுந்ததும் போர் வீரர். என்ன நாக்கோ.

இங்கே கிடங்கில் போன வாரம் ஒரு வேடிக்கை. அடுக்கி வைத்திருந்த தகரங்கள் டமாரென்று சரிந்தன. யாருக்கும் அடியில்லை. பார்த்தால் நான் மேசைக்கு அடியில் கிடக்கிறேன், பக்கத்தில் நின்றவளின் தலையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு. சின்ன வயதில் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் அப்பா என் தலையைப் பிடிப்பாரே, அதே பிடி.

மேற்பார்வையாளர் குனிந்து, "நீ பட்டாளத்துல இருந்தியா?" என்றார்.

"எங்கப்பா இருந்தார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பெரியப்பா தேடும் பரம்பரைப் பெருமை இதுதான். வேண்டுமானால் பத்திரிகையில் போட்டுக்கொள்ளட்டும்.

அப்பாவின் கம்பளியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே குளிர். துவைத்துவிடாதே.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வருவேன் என்று பெரியப்பாவிடம் சொல். வெடி போடுவதாக இருந்தால் அந்தப் பின்னறைச் சாவியைத் தேடி வைக்கட்டும். இந்தத் தடவை நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் மகள்