மூன்றாம் தளத்துத் தண்ணீர்

ஜனவரி 16, செவ்வாய்

இன்று முழுக்கச் சுரங்க வாசலில் நின்று மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தேன். நிலவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. பார்த்த வேலை இதுதான்.

நார்வேயிலிருந்து வந்திருக்கும் பேராசிரியை சிக்னேவுக்குக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் தோன் கஸியானோவே ஹெல்மெட் மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனார். பின்னாலேயே எங்களுக்குப் பாடம் எடுக்கும் இன்ஜினியர் செந்தேனோ, என் வகுப்பு க்ரோவர். நான் காலெடுத்து வைத்ததும் தோன் கஸியானோவின் கை குறுக்கே வந்தது.

"நீ வேண்டாம்மா. பொம்பளை கால் பட்டா தாது ஓடிப்போயிடும். உள்ளே இருக்கிற மாமாவுக்கு ஆகாது."

"இப்பப் போனாங்களே, அவங்க யாரு?"

"அவங்க வெளிநாடு."

கொம்பும் வாயில் சிகரெட்டுமாக இருட்டுக்குள் சிலையாக உட்கார்ந்திருக்கும் சுரங்கத்துச் சாமி மாமா, பாஸ்போர்ட் பார்த்துத்தான் கோபப்படுவார் போலிருக்கிறது.

ஜனவரி 19

வகுப்பில் செந்தேனோ ஒப்பந்தத்தைப் பெருமையாகப் படித்தார். இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சுரங்கத் தண்ணீரை ஆராயும். பெண்களை அறிவியலுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம், ஆகவே மாதிரிகளைப் பெண்களே எடுக்க வேண்டும். நன்றாகச் செய்பவள் ஆகஸ்டில் ஓராண்டு நார்வே போவாள். பட்டியலில் முதல் பெயர்: நெலிதா சோக்கே. நான்!

ஜனவரி 24

க்ரோவர் மூன்று தளங்களிலிருந்து மூன்று பாட்டில் கொண்டுவந்தான். அமில அளவு பார்த்தேன். 3.1. 3.1. 3.1. எங்கேயாவது நடக்குமா இது?

"மூணாம் தளத்துக்குப் போனியா?"

"அங்க எவன் இறங்குவான்? வாசல்ல ஓடுறதெல்லாம் அங்கிருந்துதானே வருது. எந்தத் தண்ணியா இருந்தா உனக்கென்ன?"

செந்தேனோ தாளை என் முன்னால் தள்ளினார். 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நான் எடுக்கலையே, இன்ஜினியர்."

"போடும்மா. உனக்கு நார்வே, துறைக்குப் பேரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"போட மாட்டேன்."

"அப்ப உன் பேரு பட்டியல்ல இருக்காது."

"எடுத்துடுங்க."

 பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜனவரி 25

அழுதேன். கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். சுரங்க வாசலில் ஆண்களின் கருவிகளுக்குக் காவல் இருப்பவள் அவள். கதவுச் சாவி பதினாலு வருஷமாக அவள் இடுப்பில்தான். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"வர்ற வியாழன் கொமாத்ரேஸ், பொம்பளைங்க பண்டிகை. வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்ல நம்ம சொல்லுதான் செல்லும்ங்கிறானுங்க. செல்லுதான்னு பாத்துடுவோம்டி."

வேலை போய்விடும் அம்மா என்றேன். காதில் வாங்கவே இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

போய்விட்டு வந்துவிட்டேன்! சுரங்கத் தண்ணீர் பட்ட கை இன்னும் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது.

குப்பைமேட்டில் தாதுக்கல் பொறுக்கும் பெண்கள் ஏழு பேர், கழுத்தில் காகித மாலைகளுடன் காலையிலேயே வந்துவிட்டார்கள். வழக்கப்படி தோன் கஸியானோவைச் சுற்றி வளைத்து, இதற்கென்றே கட்டிக்கொண்டு வந்திருந்த டையைப் பாதியாக வெட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் சிச்சா என்ற சோளக் கள் ஊற்றினார். அம்மா கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

"தோன்யா எவுலோஹியா! தாது போச்சுன்னா உன் வேலையும் போச்சு!"

"போனா நீங்க தேடிக்குங்க, உங்களுக்கு அதுதானே தொழில். இன்னைக்கு நாங்க சொல்றதுதான். வழி விடுங்க."

ஏழு பெண்களும் அவர் முன்னால் கைகோத்து நின்றார்கள். அங்கே துளை போடும் என் சித்தப்பா விளக்கைக் கொளுத்திக்கொண்டு முன்னே நடந்தார். மாமாவின் மடியில் கோகா இலை வைத்தேன், சிகரெட்டும் பற்றவைத்தேன். "நானும் இந்த ஊர்தான், மாமா" என்றேன். 

பயமா? பயந்தான். மூன்றாம் தளத்துக்கு ஏணியில் இறங்கும்போது அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டேதான் போனேன். முழங்கால் வரை தண்ணீர். அதில் நின்று ஆட்கள் துளை போடுகிறார்கள்.

ஒவ்வொரு தளத்திலும் பாட்டில் நிரப்பி அமில அளவும் பார்த்தேன். முதல் தளம் 3.4. இரண்டாம் தளம் 5.8. மூன்றாம் தளம் 2.2. எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9

அம்மாவின் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மா கல் பொறுக்கப் போயிருக்கிறாள். என்னால்தான். இருந்தாலும் வருத்தப்பட மாட்டேன் — இல்லை, வருத்தம் இருக்கிறது. பின்வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

க்ரோவரின் பாட்டில்கள், என் பாட்டில்கள், எது யார் எடுத்தது என்று ஒரு கடிதம் — எல்லாம் சிக்னேவுக்குப் போய்விட்டன.

மார்ச் 12

சிக்னேவின் பதில். மூன்றாம் தளத்துத் தண்ணீரில் ஆர்சனிக். ஆட்கள் அதில் நிற்கவே கூடாது. யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உள்ளே போய் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. செந்தேனோ என் பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டார். முகத்தைத்தான் பார்க்கவில்லை.

மார்ச் 30

அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மனம் மாறியெல்லாம் இல்லை. சுரங்க வாசலில் அந்தக் குளிரில் தங்க வேறு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலையில் தோன் கஸியானோ வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை புண்.

"நாலாம் தளத்துல புதுசா ஊத்து உடைச்சிருக்கு. பசங்க இறங்கப் பயப்படுறாங்க. எப்ப வர்றீங்க, இன்ஜினியர்?"

நான் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை.

"இன்னைக்கே வரலாம். கூட முதலாம் வருஷப் பொண்ணுங்க ரெண்டு பேரு வருவாங்க."

"இன்னைக்குச் செவ்வாய், வாராவாரம் மாமாவுக்குப் படைக்கிற நாளாச்சே..." என்று இழுத்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார். "சரி, வாங்க."

அவரே விளக்கோடு முன்னால் போனார். "தலையைக் குனிஞ்சு வாங்கம்மா, பாறை இடிக்கும்" என்று அந்தப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

இன்று பண்டிகை ஒன்றும் இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை.