மருமகன் போட்ட ரோட்டு

பிள்ளையார் துணை

மதகடி ஒழுங்கை,
மட்டக்களப்பு.
புதன்கிழமை காலை

அன்பு மனைவி தனுஷாவுக்கு,

நானும் மகளும் சுகம். நீயும் குவைத்தில் சுகமாக இருக்க அந்தப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதல் வரியில் உன் அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நீ கவனித்திருப்பாய். பதறாதே, அம்மா இருக்கிறா. சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்றோடு எட்டு நாள். போன வெள்ளிக்கிழமையும் வரவில்லை, நேற்றுச் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. இனிமேல் வருவதே இல்லையாம். கிழமைக்கு இரண்டு தரம் தவறாமல் போனால்தான் ஆள் தங்கும் என்று டொக்டர் சொன்னது உனக்கும் தெரியும். கால் இரண்டும் வீங்கி, பாட்டா செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து இருந்தபடியே தூங்குகிறா.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று நீ என்மேல் பாய்வாய். நீ எடுக்கிற வெள்ளிக்கிழமைகளில் போன் முதலில் யாருடைய கைக்குப் போகிறது? சுகமாக இருக்கிறேன் மகள் என்று சொல்லிவிட்டுத்தானே எனக்குத் தருகிறா. போன கிழமை மகளின் தலையில் என் கையை வைக்கச் சொல்லி, போனில் உனக்குச் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிவிட்டா. கடிதம் எழுதமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஏறாவூர் ஹவ்வா உம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவவின் மகள் அஸீமா லீவு முடிந்து இன்றைக்குக் குவைத் திரும்புகிறா. நாளைக்கே உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னா. நல்ல பிள்ளை.

எல்லாம் நம்முடைய ஒழுங்கை ரோட்டால் வந்த வினை. மார்கழியில் கொங்கிறீட் போட்டு, ஊர்ச் சங்கத் தலைவர் வல்லிபுரம் அண்ணன் ரிப்பன் வெட்ட, செயலாளர் என்று நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படம் உன் போனில் இருக்கும். அதை அழித்துவிடு. போட்ட கொங்கிறீட்டுக்கு ஏழு நாளாவது சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாளே ஒப்பந்தக்காரரின் மணல் லொறி அதன்மேல் ஓடியது. நான் கேட்டேன். சிரித்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘வேலை திருப்திகரமாக முடிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. ‘வேலை முடிந்தது’ என்று மட்டும் எழுதித் தரட்டுமா என்றேன். திருப்தி என்ற சொல் இல்லாவிட்டால் படிவம் செல்லாதாம், வருடம் முடிவதற்குள் கையெழுத்து இல்லாவிட்டால் ரோட்டுக்கு வந்த நிதி திரும்பிவிடுமாம். அந்தப் பயம் பாதி. சந்தியில் நட்ட கல்லில் ‘செயலாளர் பிரதீஸ்’ என்று என் பெயர் வெட்டியிருந்தது மீதிப் பாதி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தை பிறக்கும் முன்பே கொங்கிறீட் அப்பளம் மாதிரி உடைந்தது. மழை பெய்யப் பெய்ய ஒவ்வொரு விரிசலும் குழியானது. பிரதான வீதியிலிருந்து நம் வீட்டுப் படலை வரைக்கும் அரைக் கிலோமீற்றரும் இல்லை, பதினொரு பெரிய குழி. மதகடியில் இருப்பதில் நம் ஓட்டோவின் முன் சில்லு முழுதாகத் தாழும். நம் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்தைப் பையில் கொண்டுபோய்ச் சந்தியில்தான் போடுகிறாள்.

ரோட்டுக்கு நிதி தந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. பைலை எடுத்து, ஒரு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்து, ‘இது உங்கட கையெழுத்துத்தானே’ என்று கேட்டார். திருப்தி என்று பதிந்த வீதிக்கு ஐந்து வருடத்துக்கு வேறு நிதி ஒதுக்க ஏலாதாம். வல்லிபுரம் அண்ணன் வெளியே வந்து வெற்றிலை போட்டார். அன்றைக்கு அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

நாங்களாகவே சிரமதானம் வைத்தோம். உடைந்த செங்கல்லும் கிறவல் மண்ணும் கொட்டி மட்டமாக்கினோம். இரண்டு நாள் நல்லாக ஓடியது. மூன்றாம் நாள் மழையில் கிறவல் எல்லாம் வாவிக்குப் போய், செங்கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. முன்பு குழி மட்டும்தான் இருந்தது, இப்போது குழிக்குள் கல்லும் இருக்கிறது. ஆத்திரத்தில் வல்லிபுரம் அண்ணன் முளைகட்டிய விதைநெல்லைக் கொண்டுவந்து குழிகளுக்குள் வீசினார். ‘வயல் வட்டைக்கு வாற தண்ணிய விட இங்கதான் தண்ணி வடிவா நிக்கிது’ என்றார். நெல் முளைத்தும் விட்டது. யாரோ வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரையும் காணவில்லை.

இனி எழுதப்போவதை இருந்துகொண்டு வாசி. போன கிழமை செவ்வாய்க்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும்போது மதகடிக் குழியில் பின் சில்லு இறங்கி ஓட்டோ ஒரு குலுக்குக் குலுக்கியது. அம்மா சத்தம் போடவில்லை. மருமகனுக்கு முன்னால் அனுங்குவதுகூட மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள், உனக்குத் தெரியும்தானே. சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனா. சீற்றைத் துடைக்கப் போனபோதுதான் இரத்தத்தைக் கண்டேன். இரத்தம் சுத்தம் செய்யக் கழுத்தில் குழாய் போட்ட இடம் கசிந்திருக்கிறது. ஓடிப்போய், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். நின்றுவிட்டது மருமகன், நீங்கள் சாப்பிடுங்கள் என்றா. அந்த வெள்ளிக்கிழமை உடுத்துக்கொண்டு வெளியே வரவே இல்லை. உடம்பு ஏலாதாம், பிறகு பார்ப்போமாம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒழுங்கைப் பெடியன்களைக் கூட்டி, கதிரையில் இருத்திப் பிரதான வீதி வரைக்கும் தூக்கிக்கொண்டு போவோம் என்று ஒழுங்கு செய்தேன். கதிரையையும் நாலு பேரையும் முற்றத்தில் கண்டதும் அம்மாவின் முகம் செத்துவிட்டது. ‘உசிரோட இரிக்கக்குள்ளயே நாலு பேர் தூக்குறதா மருமகன்’ என்று கேட்டா. அவ்வளவுதான். பெடியன்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்கு அந்த யோசனை வந்திருக்கவே கூடாது. களுதாவளையில் உன் சித்தியின் வீடு பிரதான வீதியோடு இருக்கிறதே, அங்கே கொஞ்சக் காலம் இருங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் கண்ணை மூடுவேன் என்கிறா. எந்தப் பக்கம் போனாலும் அடைத்திருக்கிறது தனுஷா. நான் ஓட்டோவைத் துடைப்பதும் பிறகு போய் அம்மாவின் காலைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

நேற்று ஹவ்வா உம்மா போன் எடுத்து, ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறா. நான் கிணற்றடியில் நிற்பது தெரியாமல் அம்மா குசினியில் இருந்து பேசினா. ‘ரோட்டக் குத்தம் சொன்னா மருமகன்ட முகத்தில அடிச்ச மாதிரி. கல்லில அவர்ட பேர்தான் இரிக்கி. எனக்கு ஏலாண்டு சொல்லிட்டன்’ என்றா.

வாளியை வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். ஊர் முழுக்க ஏசுகிற ரோட்டை இந்த வீட்டில் ஒருவரும் ஏசாதது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அலுவலகத்தில் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டியபோது வந்த வெட்கம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் போய் அம்மாவிடம் கேட்கலாம்தான். கேட்டால் இல்லை என்பா, சிரிப்பா, தேத்தண்ணி ஊற்றித் தருவா. நான் சொல்லி நடக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். உனக்கு அது விடியப்புறம், நீ வேலை செய்கிற வீட்டுக்காரர் ஏசினாலும் பரவாயில்லை, இங்கே ஆறு மணி ஆகும் முன்பே எடு. குழிகளுக்குப் போட மண்மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். ஓட்டோவை இறங்கித் தள்ளிக்கொண்டே போவேன், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அம்மாவைப் புறப்படச் சொல்லாதே, அதை நான் நூறு தரம் சொல்லிவிட்டேன். என்னை ஏசச் சொல். மருமகன் போட்ட ரோட்டு கூடாத ரோட்டு என்று என் முகத்துக்கு நேரே ஒருதரம் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறச் சொல்.

உன்னையும் நம் பிள்ளையையும் பிள்ளையார் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்
பிரதீஸ்