மூன்றாவது பத்தி

சாந்தோம்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் கரோலுக்கு,

மாதாவின் துணை அந்தக் குளிர் ஊரிலும் உன்னைவிட்டு நகராமல் இருக்கட்டும். டாடி எழுதுகிறேன். இங்கே மம்மி சுகம். உன் தம்பி ஆஸ்வின் சுகம், அவன் பைக் மட்டும் சுகமில்லை. என் சுகத்தைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன்.

போனில் பேசாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்தால் என் வாய் தானாக ஜோக் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. தாள் சிரிக்காது. சிரிக்காத ஆளிடம் எத்தனை நேரம்தான் ஜோக் சொல்ல முடியும்? அதனால்தான் தாளை எடுத்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று ராத்திரி நீ ஆஸ்வினுக்கு அனுப்பிய மெசேஜை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். காலேஜுக்கு எழுதிய கட்டுரையை மாற்றப்போகிறாய் என்றும், அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டு, சிறுவயது முதலே எனக்குச் சேவையில் ஆர்வம் என்று ஏதோ எழுதி அனுப்பப்போகிறாய் என்றும் இருந்தது. உன் கட்டுரையைப் படித்ததிலிருந்து டாடி மூன்று நாளாக ஜோக் அடிக்கவில்லை என்று இந்தக் கழுதைதான் உன்னிடம் சொல்லியிருக்கிறான். கரோல், வருகிற வெள்ளிதான் கடைசி நாள் என்றாய். அதற்குள் இதை முழுசாகப் படி. படிக்கும்வரை ஒரு வரியையும் மாற்றாதே.

முதலில் என் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் கேட்கிற பணிச் சான்றிதழுக்காக, நீ முன்பு நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டிய மனுவைக் கச்சேரி ரோட்டில் ஷாகிராவின் ஜெராக்ஸ் கடைக்கு நீ மெயிலில் அனுப்பினாய். அதில் இரண்டு பேப்பர் இருந்தன. முதல் பேப்பரை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தாய். இரண்டாவது என்னம்மா என்று ஷாகிராவைக் கேட்டேன். கரோல் அக்கா மேல்படிப்பு எதுக்குப் படிக்கறாங்கன்னு எழுதியிருக்காங்க அங்கிள் என்றாள். அதையும் எடு என்றேன். குற்றவாளி நான், ஷாகிரா இல்லை.

நீ ஏன் இந்தப் படிப்புப் படிக்கிறாய் என்பதில் இங்கே ஆளுக்கொரு கட்சி. நின்று நின்று உனக்குக் கால் வலி, தலைமை நர்ஸ் ஆனால் நாற்காலி கிடைக்கும் என்பது மம்மி கட்சி. விசா என்பது ஆஸ்வின் கட்சி. நான் பூசை முடிந்து வெளியே வருகிற எல்லோரிடமும், எங்கள் வீட்டில் ஒருத்தர் மற்றவர்களை மேலே கொண்டுபோகிற வேலை பார்த்தார், மகள் தானே மேலே போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தி. நகர் பட்டுக்கடையில் இருபத்தேழு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் வேறு எப்படிப் பெருமை பேசுவான்?

செவ்வாய்க்கிழமை சான்றிதழ் ரெடி என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை ஆப்பிளோடு போனேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் விஷயமாக என்னைக் கூப்பிட்ட அதே நர்சிங் சூப்பிரண்டென்ட் அம்மாதான். ஒட்டின கவரைக் கொடுத்தார். நான் இரண்டு தடவை தேங்க்ஸ் மேடம் என்றேன். ஒன்று கவருக்கு, இன்னொன்று ஆப்பிளை வாங்கிக்கொண்டதற்கு.

உனக்கு ஸ்கேன் அனுப்ப ஷாகிரா கவரைப் பிரித்தாள். படித்தவள் நிமிரவில்லை. என்னம்மா, தங்கம் வைரம் என்று எழுதியிருக்கிறார்களா என்றேன். பணிக்காலத்தில் ஒரு முறை கவனக்குறைவால் நோயாளி ஒருவருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டது, இதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார் என்று இருக்கிறது என்றாள். கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பையில் இருந்த உன் கட்டுரை ஞாபகம் வந்தது. இதையும் படித்துச் சொல்லம்மா என்று நீட்டினேன். மனசுக்கு ஆறுதலாக ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. உண்மையைச் சொன்னால், என் பேர் இருக்கும் என்றும் ஆசை. எங்க டாடி கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார் என்று ஒரு வரியாவது எழுதாமலா இருப்பாய்?

முதல் இரண்டு பத்தியைத் தமிழில் சொன்னாள். ஒரு வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி இருக்கலாம், நீ எத்தனை பேரைப் பார்த்தாய் என்றெல்லாம் இருந்தது. மூன்றாவது பத்தியில் நிறுத்திவிட்டாள். என் பேர் வருதாம்மா என்று கேட்டேன். வருது அங்கிள், ஆனா நீங்க வூட்டுக்குப் போயி கரோல் அக்காவையே கேட்டுக்கங்களேன் என்றாள். பின்னால் ஆதார் கார்டோடு நின்ற அம்மாள், இன்னாம்மா, ஒரு ஜெராக்ஸுக்கு எம்மா நேரம் நிக்கிறது என்று சத்தம் போட்டார். அந்த அம்மாளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னை ஸ்டூலில் உட்கார வைத்துப் படித்தாள்.

நீ எழுதினதை, நீயே சொல்கிற மாதிரி உனக்கே சொல்கிறேன், எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார்.

ஆதம்பாக்கம் தையல்காரர் முருகையன் கட்டிலிலிருந்து விழுந்தபோது முப்பத்தொரு நோயாளிக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். கூட இருந்த நர்ஸைப் பெரிய மனிதர் ஒருவரின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் போதவில்லை என்று மூன்று நாளாக ரிப்போர்ட் புக்கில் எழுதியிருந்தேன். கட்டிலின் பக்கக் கம்பியை மாட்ட மறந்தேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மறுத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஆப்பிளோடு வந்தார். மிக நல்ல மனிதர். பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நர்ஸுக்காகப் பேச அந்த அறையில் ஒருவரும் இல்லை. ஒருநாள் அந்த சூப்பிரண்டென்ட் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். உட்கார்ந்து, எந்த நர்ஸின் அப்பாவையும் கூப்பிடாதவளாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் படிக்கிறேன்.

மிக நல்ல மனிதர் என்ற இடத்தில் ஷாகிராவின் குரல் உடைந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ நடு மண்டையில் தட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கரோல், அந்த நாளை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? என் வீரதீரக் கதையாக. உன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று மூன்று வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பெரியவங்க சொல்றாங்க இல்ல, போட்டுடு கண்ணு என்று நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. வெளியே வந்து லஸ் கார்னரில் உனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தேன். வயிறு சரியில்லை என்று நீ தொடவில்லை. அதையும் நானே குடித்தேன். லிஃப்டில் இருபத்தேழு வருஷம், யார் எந்த மாடி சொன்னாலும் அந்த பட்டனை அழுத்தினவன். ஏன் சார் மூணாவது மாடி என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்த அறையிலும் அதைத்தான் செய்தேன். இதில் இன்னொன்று. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோமே, விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பேரே எனக்கு உன் கட்டுரையில்தான் தெரிந்தது.

மம்மியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. எனக்கு அன்னிக்கே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா ஜோக் அடிப்பீங்க என்றாள். இது இரண்டாவது அடி. உன் மம்மிக்குக் குரலை உயர்த்தாமல் அடிக்கத் தெரியும்.

வியாழக்கிழமை முருகையனைத் தேடிப் போனேன். எங்கள் பட்டுக்கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற தையல்காரர்கள் எல்லோரும் என் லிஃப்டில் ஏறினவர்கள்தான். இரண்டு பேரிடம் விசாரித்ததில் வீடு தெரிந்துவிட்டது. தடி ஊன்றி நடக்கிறார். மெஷின் மிதிப்பதில்லை, கையால் பட்டன் தைக்கிறார். நான் கரோலின் அப்பா என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு உட்கார வைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பொண்ணு இன்னா சார் பண்ணும், அம்மாம் பேருக்கு ஒத்தை ஆளு. கம்பிய அது கரீட்டா மாட்டித்தான் வச்சிருந்துச்சு. நான்தான் இறக்கினேன். மணி அடிச்சு அடிச்சுப் பாத்தேன். எதிர்க் கட்டில்ல ஒர்த்தருக்கு மூச்சு இழுத்துக்கினு கீது, அது அங்க நின்னுக்கினு இருந்துச்சு. எனக்கு அவசரம், தாங்கல, எறங்கிட்டேன். கேட்டவன் கிட்ட எல்லாம் சொன்னேன் சார், எவனும் எழுதிக்கல என்றார். நீ விமானம் ஏறும் முன் அவர் வீட்டுக்குப் போய், கையெழுத்துப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாயாமே. எங்களிடம் அன்றைக்கு தி. நகரில் ஸ்வெட்டர் வாங்கப் போகிறேன் என்றாய். ஸ்வெட்டர் இல்லாமல் வந்தாய். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னதை நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

நேற்று 29சி பஸ் பிடித்து மறுபடி ஆஸ்பத்திரி. ஆப்பிள் இல்லை. சான்றிதழில் இருக்கிற வரியை மாற்றித் தாருங்கள் மேடம் என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். சார், நீங்கதானே இதே சேர்ல உக்காந்து, என் பொண்ணு தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சிடுங்கன்னு சொன்னீங்க, இப்ப வந்து மாத்துங்கன்னா எப்படி என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்! பழக்கதோஷம்.

லிஃப்டுக்குள் போனேன். கதவு மூடிக்கொண்டது. கை பட்டனுக்குப் போகவே இல்லை. எந்த மாடி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, யாரோ வெளியே அழுத்திக் கதவு திறந்தது. பார்த்தால் அதே மாடி. இறங்கி, திரும்பவும் அவர் அறைக்கே போனேன்.

மேடம், அன்னிக்கு என் பொண்ணு தப்புப் பண்ணல, நான்தான் பண்ணேன், விசாரிக்காம அவளைக் கையெழுத்துப் போட வச்சேன், அத எழுதித் தரேன் என்றேன். அதெல்லாம் தேவையில்லை சார், கிளம்புங்க என்றார். நான் கிளம்பவில்லை. வரவேற்பு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் தமிழில் எழுதினேன். முருகையன் எழுதிக் கொடுத்ததன் ஜெராக்ஸை அதோடு சேர்த்துப் பின் குத்தினேன். தபால் வாங்குகிற இடத்தில் முத்திரை போட மாட்டேன் என்றார்கள். மத்தியானம் இரண்டரை மணி வரை அந்த ஜன்னல் முன்னால் நின்றேன். கடைசியில் ஜன்னலுக்குள் இருந்த ஒரு அம்மாள் பக்கத்து ஆளிடம், போட்டுக் கொடுத்துத் தொலைங்க, அங்கிள் மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் ஒரு நர்ஸ்தான் பதில் சொல்லணும் என்றார். பாவம், நல்லவர். உன்னை ஞாபகம் இருக்கிறதாம்.

சான்றிதழை அவர்கள் மாற்றவில்லை. மாற்றுவார்கள் என்றும் தோன்றவில்லை. அதனால் இந்தக் கவரில் மூன்று பேப்பர் வைத்திருக்கிறேன்: அந்தச் சான்றிதழ், முருகையனின் கையெழுத்து, முத்திரை போட்ட என் கடிதம். கவர் வந்துசேர நாளாகும் என்பதால், இந்தக் கடிதத்தோடு எல்லாவற்றையும் ஷாகிரா இன்றைக்கே உனக்கு மெயிலில் அனுப்பிவிடுவாள். முருகையனுடையதையும் என்னுடையதையும் இங்கிலீஷில் எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது யோசித்துப் பார். அந்தப் பத்தியை நீ எடுத்துவிட்டால், அந்தக் காலேஜ் கையில் இருப்பது ஒப்புக்கொண்டாள் என்கிற சான்றிதழ் மட்டும்தான். என் மானத்தைக் காப்பாற்ற நீ இரண்டாவது தடவையும் பழியை உன் தலையில் போட்டுக்கொள்வாயா? வேண்டாம் கண்ணு. அந்தப் பத்தி அப்படியே இருக்கட்டும். என் பேரை முழுசாகப் போடு, லியோனார்ட் என்று. ஒரே ஒரு திருத்தம்: மிக நல்ல மனிதர் என்பதை மட்டும் எடுத்துவிடு. அதை இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும்.

என் சுகத்தைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன் என்றேன். நெஞ்சில் ஒரு பாரம் இருக்கிறது. டாக்டர் பார்க்கிற பாரம் இல்லை, பயப்படாதே.

நாளைக்குப் பூசையில் உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி, முருகையன் பேருக்கு ஒன்று. பாஸா ஃபெயிலா என்பதை அந்தக் காலேஜ் பார்த்துக்கொள்ளட்டும். நீ போகிற இடமெல்லாம் உனக்காகப் பேச ஒருவராவது இருக்கும்படி ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். என்றைக்காவது நீ அந்த நாற்காலியில் உட்காருவாய். உட்கார்ந்தால் யார் அப்பாவையும் கூப்பிடாதே. உன் அப்பாவை மட்டும் ஒரு தடவை கூப்பிடு. ஆப்பிள் இல்லாமல் வருகிறேன்.

உன் மன்னிப்பை எதிர்பார்த்து,
டாடி
லியோனார்ட்