பாக்கியத்திடம் சொன்னது

மாமி,

கிளிநொச்சியில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். மறதி நோயோடு வாழ்கிறவர்களின் முகங்களை மண்டபம் நிறைய மாட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் வீட்டு ஆள் ஒருவர் இருந்து, பார்க்க வருகிறவர்களோடு கதைக்கலாம் என்று ஏற்பாடு. நீங்கள் போய் ஒரு வருசமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்து சில வாரங்கள்தான். வரமாட்டேன் என்று சொல்ல நினைத்துவிட்டு, கடைசியில் நான்தான் போய் இருந்தேன்.

சுவரில் புதிதாக அடித்த பெயின்ற் மணம் போயிருக்கவில்லை. ஆட்கள் வருமுன் உங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் நீங்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் வாசலைப் பார்க்கிறீர்கள், மருமகள் வந்துவிடுவாளோ என்று. ஓரத்தில் தெரிகிற தோளும் காதும் அந்த மருமகளுடையவை.

ஜெயபுரத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தீர்கள். கோபம் என்று சொல்ல முடியாது. "அரிசி முடிஞ்சுது", "மாடு அவிட்டுக்கொண்டு போட்டுது", அவ்வளவுதான். நான் கந்தோர் வேலை முடிந்து வந்து சமைத்ததைச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். நல்லது என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கூடாது என்றாவது சொல்லமாட்டாரா என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு நோய் வந்தது. முதலில் வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்த இடம் மறந்தது. பிறகு கிழமைகள். பிறகு நான். ஒரு பின்னேரம் நான் வீட்டுக்குள் வர, "வாடி பாக்கியம், இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று கையைப் பிடித்தீர்கள்.

பாக்கியம் யார் என்று உங்கள் மகன்தான் சொன்னார். குடியேற்றத்துக்கு வந்த புதிதில் பக்கத்துக் காணியில் இருந்தவராம், உங்கள் உயிர்ச் சிநேகிதியாம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டவர்.

"மாமி, நான் உங்கடை மருமகள்" என்றேன் அன்று. உங்கள் முகம் சுருங்கிவிட்டது. என் கையை விட்டுவிட்டு, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக இருந்தீர்கள். அடுத்த நாள் நீங்கள் பாக்கியம் என்று கூப்பிட, நான் ஓம் என்றேன்.

நாக்குத்தான் இலேசில் திரும்பவில்லை. "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னடி புது மரியாதை? சம்பந்தம் பேச வந்தனியோ?"

அன்றிலிருந்து நானும் 'நீ' போட்டேன். பின்னேரமானால் விறாந்தையில் இருந்து மருமகளைப் பற்றிக் கதைப்போம்.

"உவள் அவிக்கிற புட்டைக் கோழிக்குத்தான் போடலாம்."

"அப்பிடியோ?"

"கந்தோருக்குப் போறாவாம். சீலை மடிப்புக் குலையக் கூடாது, வீடு குலைஞ்சால் பறவாயில்லை. சிரியாதை, உனக்கும் ஒருத்தி வருவாள்."

ஒரு நாள் நானும் என் பங்குக்கு, "அவளுக்கு வாயும் கொஞ்சம் கூடத்தான், என்ன?" என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தீர்கள். "உனக்கென்ன தெரியும்? அவள் வாயில்லாதவள்."

அதன்பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. வேலை முடிய நேரே ஓடிவருவேன். அத்தனை குறைகளுக்கு நடுவில் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை விழாதா என்று காத்துக்கொண்டிருப்பேன்.

படம் எடுக்க வந்தவள் வவுனியாப் பிள்ளை. நான் உங்களுக்கு நல்ல சீலை உடுத்தி, பவுடர் போட்டு, அடையாள அட்டைக்கு இருத்துவதுபோல நேராக இருத்தியிருந்தேன். "விடுங்கோ அக்கா, ஒவ்வொரு நாளும் இருக்கிற மாதிரி இருங்கோ" என்றாள் அவள். நான் பக்கத்தில் வந்து இருந்தேன். நீங்கள் கமராவை மறந்துவிட்டு என் காதுக்குக் குனிந்தீர்கள்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் உங்கள் மகன் வந்தார். அம்மாவை இந்த நிலையில் ஊருக்குக் காட்டுவதா என்று முதலில் சம்மதிக்காதவர். படத்துக்கு முன்னால் நின்று தன்னையறியாமல் சிரித்தார்.

"என்ன சொல்லுறா அதிலை?"

"ஊர்க்கதைதான்."

"என்ரை பெண்சாதியைத் திட்டுறா போல."

"ஓம், அதுவும்தான்."

நீங்கள் திட்டவில்லை, மாமி. படம் எடுத்த அன்று என் காதுக்குள் சொன்னது வேறு. "இடம்பெயர்ந்து ஓடேக்கை என்னைச் சைக்கிளிலை இருத்தி உருட்டிக்கொண்டு போனவள் அவள்தான், தெரியுமே? கால் புண்ணாகியும் என்னை விடேல்லை. பெத்ததுகளும் அப்பிடிச் செய்யாதுகள்." பிறகுதான் வாசலைப் பார்த்தீர்கள், வாயை மறைத்தீர்கள். "அவளுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு அவளுக்குத் தலைகால் தெரியாது."

"சொல்லமாட்டனடி" என்றேன்.

நான் காத்திருந்ததைவிடப் பெரிய வார்த்தை அது. ஆனால் பாக்கியத்துக்குக் கிடைத்தது. ஒருதரம், ஒரேயொருதரம் என் முகத்தைப் பார்த்து, நான் யாரென்று தெரிந்துகொண்டு, அதில் பாதியையாவது சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் இல்லாத வீட்டில் பின்னேரங்கள் நீண்டு கிடக்கின்றன. இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பாக்கியத்தை நம்பி நீங்கள் சொன்னது. பாக்கியத்தின் இடத்தில் இருந்து கேட்டவள் அதைக் காப்பாற்றத்தானே வேண்டும். அந்த மருமகளிடம் மட்டும் சிலவேளை வாய் தவறிவிடுகிறது. தலைகால் தெரியாமல் ஒன்றும் ஆடவில்லை அவள். கேட்டுவிட்டு விறாந்தையில் இருந்து அழுகிறாள்.