தெளிவான முகம்

மகளே,

அம்மாவின் காரியம் முடிந்த அன்று தொலைபேசியில் அவள் படம் ஒன்று கேட்டாய். கல்யாணப் படம் வேண்டாம், கடைசி வருடங்களில் இருந்த முகம் வேண்டும் என்றாய்.

என் கணினியில் நான் எடுத்த நாற்பதாயிரம் படங்கள் இருக்கின்றன. தைப்பூசக் காவடி, படகுத்துறையில் நிற்கும் படகுகள், ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள். ஞாயிறுதோறும் அம்மாதான் வெயிலில் நின்று வெள்ளை அட்டையைப் பிடித்து, மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ வைப்பாள். ஒருநாள், "என்னையும் ஒன்னு புடிங்க லா" என்றாள். "வெளிச்சம் சரியில்ல, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன்.

நேற்று ஒரே ஒரு படம் கிடைத்தது. புது லென்ஸைச் சோதிக்க அவளை வாசலில் நிறுத்தி எடுத்தது. பின்னாலிருந்த கதவு துல்லியமாக விழுந்திருக்கிறது. அவள் முகம் கலங்கலாக இருக்கிறது. யூடியூப் பார்த்து, படத்தைத் தெளிவாக்கும் மென்பொருளில் போட்டேன். ஒரு நிமிடத்தில் அழகான முகம் வந்தது. யாரோ ஒரு பெண்.

அதையே அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ கோபித்துக்கொண்டு போய் எட்டு வருடமாகிறது. உனக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

அழித்துவிட்டேன். கலங்கிய படத்தைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் அவள் சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா