இரண்டு கம்பியிலும் குங்குமம்

எட்டு வருஷமாக நான் வாய்விட்டுக் கூப்பிடாத என் அண்ணா,

நீ போய் ஐந்து மாதம். புதுச்சேரி சாரத்தில் உன் மோட்டார் காயில் கட்டும் கடையை அண்ணி இன்னும் திறக்கவில்லை. போன வாரம் சொல்தா என்னைத் தேடி வந்தார். அதே பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், சிப்பாய் என்று ஊர் வைத்த அதே 'சொல்தா' பட்டம், அதே தொப்பி, அதே கிழட்டுப் படகு.

"ஆட்டோபைலட் மறுபடியும் நின்னுபோச்சு தம்பி. உங்க அண்ணன் இல்ல. நீதான் வரணும்" என்றார். வைத்த திசையில் படகு போகும்படி சுக்கானைத் தானே திருப்பும் அந்தப் பெட்டியின் பெயரைக் கேட்டதுமே முடியாது என்றேன். ஆனாலும் போனேன். ஏன் போனேன்?

எழுபத்தெட்டில் அதன் மோட்டாரை நாம் இருவரும்தான் கழற்றினோம். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் காயில் எரிந்துவிட்டது என்றேன், பௌதிகம் படித்த திமிரில். நீ மூக்கருகே வைத்து மோந்தாய். "கருகின வாடை வரல. கார்பன்தான் தேஞ்சிருக்கு வாத்தியாரே" என்று சிரித்தாய். கார் டைனமோவின் கார்பன் கட்டையை வாங்கி வந்து தேய்த்து அளவாக்கினாய். நீ சொன்னது சரிதான். நீ சரியாகச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

மோட்டாரின் இரண்டு கம்பிகளும் எண்ணெயில் கறுத்து ஒரே நிறம். மேல் முனைக்குப் போகவேண்டியதில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாய். உன் கடை வழக்கம். மறுநாள் ஆயுத பூஜை. இரண்டு நாள் கழித்து நான் சேர்க்க உட்கார்ந்தபோது இரண்டு கம்பியிலும் குங்குமம். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், இடப்பக்கமும் சுற்றியது, வலப்பக்கமும் சுற்றியது. போதும் என்று மூடினேன்.

தேங்காய்த்திட்டுத் துறையில் படகை விட்டோம். கம்பிகள் இடம் மாறியிருந்ததால், திசை கொஞ்சம் விலகியதும் மோட்டார் அதைத் திருத்தாமல் இன்னும் விலக்கியது. படகு வட்டமடித்தது, ஒருவர் விரித்திருந்த வலையைக் கிழித்தது.

"இன்னா சொல்தா, படகு கோயில் சுத்துதா?"

"மூணு சுத்து ஆச்சு, தேங்காய ஒடைங்கப்பா!"

கரையே சிரித்தது. நீ என்னைக் காட்டினாய். "கம்பி சேர்த்தது இவன்தான். நான் அடையாளம் வெச்சுத்தான் குடுத்தேன்." உண்மைதான். அதை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? என் மாணவர்களின் அப்பன்மார் நின்ற கரையிலா சொல்ல வேண்டும்?

"ரெண்டு கம்பியிலயும் குங்குமம் வெச்சிட்டு என்னைச் சொல்றியா?" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். குனிந்து கிழிந்த வலையை எடுக்கத் தொடங்கினாய்.

அன்று முதல் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை ஊரெல்லாம் சொன்னேன். சொல்தா ஒருவர்தான் உன்னை விடவில்லை. கம்பியை மாற்றிச் சேர்க்கவும் உன்னையே கூப்பிட்டார். மற்ற படகுக்காரர்கள் கடைக்கு வருவது நின்றது. பம்புசெட் மோட்டாரோடு உன் பிழைப்பு ஒடுங்கியது. கேள்விப்பட்டு நான் வருந்தவில்லை.

போன சனிக்கிழமை படகில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். கரண்ட் வருகிறது, சுற்றவில்லை, ஆக மோட்டார்தான் என்று மறுபடியும் கழற்றினேன். மூடிக்குள் ஒரு கம்பியில் மட்டும் அடையாளமாகச் சிவப்பு நூல், மூன்று முடிச்சு, மேலே வார்னிஷ்.

"அந்த வருஷத்துக்கு அப்புறம் எல்லா மோட்டார்லயும் இப்படித்தான் கட்டுவான்" என்றார் சொல்தா. "ஏன்டான்னு கேட்டா, 'எங்க வீட்ல குங்குமம் தாராளம் முசியே'ன்னு பிரெஞ்சுல ஐயா போட்டுச் சிரிப்பான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லையே. ஏன்?"

மோட்டாரில் பழுதே இல்லை, அண்ணா. "சும்மா இருக்கறப்ப எவனும் பன்னெண்டு காட்டுவான், சுமை குடுத்துப் பாரு" என்பாயே. ஸ்கூட்டர் பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தேன், செத்த வெளிச்சம். பேட்டரிக் கம்பியின் இணைப்பு உப்புப் பூத்துப் பச்சையாகிக் கிடந்தது. சுரண்டி முறுக்கினேன். சுற்றியது.

பூஜையன்று குங்குமக் கிண்ணம் யார் கையில் இருந்தது? "படிச்ச கை, நீயே வை" என்று என்னிடம்தான் கொடுத்தாய். ஸ்பானர், வைஸ், சைக்கிள், மோட்டார், கம்பி என்று பார்க்காமல் வைத்துக்கொண்டே போனேன். படகு முதல் சுற்று வந்தபோதே எனக்கு நினைவு வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? ஒரு நாளைக்குத் தம்பியை ஒரு முறை அவமானப்படுத்தினால் போதும் என்றா? அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சொல்தா படகை விடுகிறார். வலை கிழிந்தவரும் கரையில் இருப்பார். அண்ணியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ என்னைக் காட்டிய அதே இடத்தில் நின்று, இரண்டாவது பொட்டை வைத்தது நான் என்று சொல்லிவிடுகிறேன். சிரிப்பார்கள். இந்த முறை நான் யாரையும் கைகாட்ட மாட்டேன்.

கிண்ணம் பிடித்த கையோடு,
உன் தம்பி