இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே எண்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஒன்பதரை முதல் பதினொன்றே முக்கால் வரை என் போன் அணைந்திருந்தது. அதனால் எங்கள் குடியிருப்பு வெல்டரின் மனைவியை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இலவச சிகிச்சை அட்டைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் அங்கே ஓடிபி சொல்ல வேண்டும். அட்டையில் பதிந்த போனுக்கு ஆறு இலக்கம் வரும். பத்து நிமிடத்தில் சொன்னால் படுக்கை, இல்லாவிட்டால் அடுத்த ஆள். அவள் அட்டையில் பதிந்திருப்பது என் எண். செவ்வாயும் வெள்ளியும் வெல்டர் கவுன்டரில் நின்று என்னைக் கூப்பிடுவார், நான் படித்துச் சொல்வேன். இரண்டு வருடமாக இப்படித்தான்.

அவள் மட்டுமா? சிகிச்சை அட்டை, ரேஷன், முதியோர் பணம் என்று இந்தக் குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு என் எண்தான். என் போன் கடையில் மனு எழுதிக் கொடுத்ததும் நான், எண்ணைப் போட்டதும் நான். ஓடிபி ஒன்றுக்குப் பத்து ரூபாய். வெல்டரிடம் ஐந்துதான் வாங்கினேன்.

காலையில் சார்ஜர் மொத்த வியாபாரியின் கிடங்கில் இருந்தேன். பேரத்தின் நடுவில் போன் அடித்தால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். தள்ளுவண்டியில் போன் உறை விற்ற காலத்திலிருந்து பேரத்துக்கு உட்காருமுன் அணைத்துவிடுவேன். சரக்கு நல்ல விலைக்குப் படிந்தது. வெளியே வந்து போனைப் போட்டால், ஒரே எண்ணிலிருந்து இருபத்துமூன்று முறை அழைத்ததாகக் குறுஞ்செய்தி.

வெள்ளிக்கிழமை அடுத்த முறை. மூன்று நாள் தாங்காதா என்ன?

மார்ச் 5, புதன்

மனைவியிடம் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன்.

"சார்ஜ் போட்டது நானு. நூறு காட்டுச்சு. கடை முழுக்க சார்ஜரா அடுக்கி வெச்சிருக்கிற மனுசன் சார்ஜ் இல்லைன்னு சொன்னா எவன் நம்புவான்?"

மாலையில் வெல்டர் வீட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. இன்றே கூட்டிப்போகச் சொன்னேன். "போனோம்ணே. முறை வர்ற அன்னைக்கு வாங்கன்னுட்டாங்க" என்றார் வெல்டர்.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும் செய்தி. போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

அடக்கம் முடிந்தது. வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு விடாம அடிச்சு உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்ணே. பதற்றத்துல ஒண்ணும் புரியல" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சார்ஜ் இல்லாமல் போச்சுப்பா என்றேன். தலையாட்டினார். அப்படியே நம்பிவிட்டார் பாவி மனுஷன்.

மார்ச் 12, புதன்

வெல்டரின் மகள் கடைக்கு வந்தாள். வெளியூரில் துணி ஆலையில் வேலை. எத்தனை உருப்படி முடிந்தது என்று டேப்லெட்டில் பதிகிறவள். அப்பாவைத் தனியே விட முடியாதென்று வேலையை விட்டுவிட்டாளாம். அம்மாவின் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"மாமா, இதுல ஏன் உங்க நம்பர் இருக்கு?"

"உங்க வீட்டுல அப்போ யாருக்கும்மா இதெல்லாம் தெரியும்?"

"தெரியாது. சரி. போனு இருந்துச்சில்ல?"

"அது பட்டன் போனு."

"பட்டன் போனுக்கு ஓடிபி வராதா?"

வரும். எந்தப் போனுக்கும் வரும். அது எனக்குத் தெரியாதா?

"அன்னைக்கு அப்பா உங்களைக் கூப்பிட்டது எந்தப் போன்லேர்ந்து? அதுக்கே வந்திருக்கும். அவர் கையிலேயே வந்திருக்கும்."

கத்தவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருடம் முன் அந்த அட்டைக்கு மனு எழுதும்போது வெல்டரின் சட்டைப் பையில் அந்தப் போன் தெரிந்தது. நான்தான் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எண் என்னுடையதாக இருந்தால் ஆள் என் கடையை விட்டு வேறெங்கே போவார்? இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 14, வெள்ளி

வெல்டரின் மகள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்களிடம் அட்டையை வாங்கி எண்ணை மாற்றிக் கொடுக்கிறாளாம். மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். பழைய எண் என்றால் நான்.

காலையிலிருந்து கூப்பிடுகிறார்கள். "நம்பர் சொல்லுங்கண்ணே, எங்க போனுக்கு மாத்துறோம்." ஒவ்வொன்றாகச் சொன்னால் கடை கையை விட்டுப் போகும். பதினேழு பேர் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

எடுக்கவில்லை. ஆனால் போனை அணைக்கவும் முடியவில்லை. குளிக்கும்போதும் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

இன்று கடைக்கு வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் சில்லறை கேட்டு வந்தவர்கள்.

மார்ச் 21, வெள்ளி

சந்தையில் மூட்டை தூக்கும் மீசைக்காரர் அழுக்குத் துண்டோடு வந்து நேராக என் முன்னால் நின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாதா மாதம் மருந்து வாங்க ஓடிபி வேண்டும்.

"போன எடுக்க மாட்டேங்கிறீங்க. அதான் ஆளே வந்துட்டேன். அந்தப் பொண்ணு என் நம்பரை மாத்த குழாயடியில பட்டனைத் தட்டிட்டு உக்காந்திருக்கு. பத்து நிமிசம்தான் டைம். வாயத் திறங்க."

"ஏன், என் நம்பர் இருந்தா என்ன குறை? இத்தனை நாளா ஒழுங்காத்தானே சொன்னேன்?"

"வெல்டரு சம்சாரத்துக்கும் ஒழுங்காத்தான் சொல்லிட்டிருந்தீங்க."

கடைக்கு வெளியே இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து மனைவியும் வந்து நின்றாள். என் போனில் ஓடிபி வந்து கிடந்தது. அவர் தன் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நீட்டினார், ஆறு இலக்கத்தையும் படித்தேன்.

அவர் போன பிறகு மனைவி, "ஒருத்தருக்குச் சொன்னாச்சு. மிச்சமிருக்கிற இருநூறு சொச்சம் பேரையும் இப்படி உங்களை நிக்க வெச்சுக் கேள்வி கேட்க விடப்போறீங்களா?" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

நானே குழாயடிக்குப் போனேன். வெல்டரின் மகள் மீசைக்காரருக்கு ஓடிபி படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எழுத்து வாசிக்க வராது பொண்ணே."

"பஸ்ஸு நம்பர் பார்த்துத்தானே ஏறுறீங்க?"

"அது வரும்."

"அப்போ இதுவும் வரும். ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"நாலு… ஏழு… ஏழு…" என்று விரலை வைத்துப் படித்தார். ஆறையும் முடித்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கா பத்து ரூபா வாங்கினீரு?"

பெண்கள் சிரித்தார்கள். நிற்க முடியவில்லை, நின்றேன்.

கூட்டம் கலைந்ததும், அவளைக் கடையில் வந்து உட்காரச் சொன்னேன். இங்கே வெயில், சிக்னலும் விட்டு விட்டு வருகிறது. ஓடிபி என் போனுக்கு வந்தால் பக்கத்து மேசையிலேயே நான் இருப்பேன். தர்மம் என்று பேசவில்லை. ஆட்கள் கடைக்கு வராவிட்டால் எனக்குக் கடை இல்லை, என் போன் இல்லாவிட்டால் அவளால் எண்ணை மாற்ற முடியாது. அதை அப்படியே சொன்னேன்.

"அன்னைக்கு உங்க போன்ல சார்ஜ் இல்லைன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய போன் விற்கும்போதுகூடக் கீறல் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் விலை சொல்வேன். "இல்லம்மா. நான்தான் அணைச்சேன். ஒரு பேரம் பேச" என்றேன்.

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"எவ்வளவு குறைஞ்சுது?"

"பெட்டிக்கு நாப்பது ரூபா."

"எத்தனை பெட்டி?"

"முப்பது."

அவள் மனதில் பெருக்கியது முகத்தில் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பளம் பற்றிப் பேசினாள். நான் ஏழாயிரம் என்றேன். ஆலையில் பதினோராயிரம் வாங்கினேன், ஒரு ரூபாய் குறையாது என்றாள். போனை அணைத்ததை அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம், வேண்டுமானால் பன்னிரண்டாயிரமாகத் தருகிறேன் என்றேன்.

"அதை மட்டும் விலை பேசாதீங்க மாமா."

படிந்தது இதுதான். நாளை முதல் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கடையின் முன்மேசை அவளுடையது. ஒவ்வொருவர் அட்டையிலும் அவரவர் எண்; மாற்றியவர் தன் ஓடிபியைத் தானே ஒருமுறை படித்துக் காட்டிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழலாம். போன் இல்லாதவர்களுக்குப் பட்டன் போன், நான் வாங்கிய விலைக்கே. ஓடிபிக்குக் காசு கிடையாது. அவளுக்கு மாதம் பதினோராயிரம். அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.